விழத் தெரிந்தவன்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நான்கு தடவை போன் செய்தேன், நான்கு தடவையும் கட் செய்தாய். ஐந்தாவது தடவை போனே போகவில்லை. கடிதத்தை நடுவில் கட் செய்ய முடியாது, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். கிழிப்பதற்கு முன்பு இரண்டு வரியாவது கண்ணில் படும். அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் கடையில்தான் பார்த்தேன். உன் ஆட்டத்துக்கென்றே மாவு மூட்டைகளுக்கு மேலே மாட்டிய டிவி. வாடிக்கையாளர், மூட்டை தூக்குபவர்கள், சரக்கு இறக்க வந்த லாரி டிரைவர், எல்லாருமாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். இரண்டு அணிக்கும் கோல் இல்லை. நீ பந்தோடு எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் போனாய். அவர்களுடைய டிஃபெண்டர், நீங்கள் எல்லாரும் தூண் என்று கூப்பிடுகிறவர், குறுக்கே வந்தார். நீ விழுந்தாய்.

அவர் உன்னைத் தொடவே இல்லை. உன் காலுக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு சர்க்கரை மூட்டையை நிற்க வைக்கலாம். நீ மூன்று உருளல் உருண்டாய், முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாய். கோலுக்குப் பின்னால் வைத்திருந்த கேமராவில் மறுபடியும் காட்டினார்கள். விரல் இடுக்கு வழியாக நீ நடுவரைப் பார்க்கிறாய். கண்ணை இவ்வளவு பெரிதாகக் காட்டினார்கள், தம்பி. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். பாக்கெட்டில் கையை விட்டபடி விலை கேட்கிறவனின் கண்.

பெனால்டி கொடுத்தார்கள், தூணுக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். ஜெயித்தீர்கள். லாரி டிரைவர் என் பக்கம் திரும்பி, "தம்பிக்குக் காத்து பட்டுடுச்சு போல, முதலாளி"ன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாபாரி முகத்தைக் காட்டக் கூடாது.

உன் அண்ணி சிரிக்கவில்லை. உனக்கு அடிபட்டுவிட்டதென்று பயந்து போனாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். "அப்புறம் ஏன் அழறான்?" என்று கேட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

தூண் யார் என்று உனக்கு நினைவூட்ட வேண்டுமா? உன் முதல் கிளப்பில் ஒரே அறையில் இருந்தவர். உன் பூட்ஸ் வாய் பிளந்தபோது தன்னுடையதைக் கொடுத்து, பெரிதாக இருக்கிறதென்று நுனியில் காகிதம் திணித்துக் கொடுத்தவர். முப்பத்து நாலு வயது ஆளுக்கு இனி எத்தனை ஆட்டம் இருக்கிறது? அவர் வாதாடக்கூட இல்லை. உன்னை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருத்தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் உருண்டான். இன்னொருத்தன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு சோப்பு உறையை எடுத்து உயர்த்திக் காட்டினான். நான் பின்கட்டுச் சரக்கறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மே மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது, மூன்று வருடத்துக்குக் கொடுப்பார்களா மாட்டார்களா என்று நீ தவிக்கிறாய். அது எனக்குத் தெரியும். அதற்காக இப்படியா?

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முழுதாகப் படித்தேன்.

டிவியில் பார்ப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பயிற்சி மைதானத்துக்குப் பின்னால் நீளம் தாண்டுகிறவர்களுக்கான மணல் குழி ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் உதவி கோச் எங்களை அங்கே கூட்டிப்போவார். மண் வகுப்பு என்று நாங்கள் சொல்வோம். முதலில் முழங்கால், அப்புறம் தோள், கடைசியில்தான் கை. கையை முதலில் ஊன்றினால் நடுவருக்குத் தெரிந்துவிடும். விழுந்தவுடனே கத்தக் கூடாது, அரை நொடி விட்டுக் கத்த வேண்டும், நிஜ வலி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். இதற்கு மார்க் போடுகிறார்கள். எல்லாரும் செய்கிறார்கள். கண்டுபிடித்தது நான் இல்லை.

எங்கள் அணியில் ஸ்ட்ரைக்கர் நாலு பேர். மே மாதம் இரண்டு பேருக்குத்தான் ஒப்பந்தம். மற்ற இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எனக்கு இருபது வயது. இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

தூண் அண்ணனுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. நீங்கள் எனக்குச் செய்தது நான்கு, அது மட்டும்தான் கணக்கில் இருக்கிறது.

தயவுசெய்து எங்கள் மேலாளருக்கு எழுதிவிடாதீர்கள். நீங்கள் எழுதக்கூடிய ஆள்.

இன்னொன்று. யார் வேண்டுமானாலும் என்னைப் பார்த்துத் துப்பலாம். நம் கடையில் நடக்காததா? சில விஷயங்களை எழுதக் கூடாது என்றுதான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

பேனாவைப் பிடித்துக்கொள்ளாதே. எழுது.

நம் கடையில் என்ன நடந்தது? தள்ளுவண்டியில் வெங்காயம் விற்று ஆரம்பித்தவன் நான். அப்பா போன பிறகு உன்னைப் பள்ளியில் சேர்த்ததும், கடைக்குக் கதவு வைத்ததும் ஒரே வருஷம். பதினொரு வருஷமாக எலக்ட்ரானிக் தராசு. எண் வாங்குகிறவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். சந்தேகம் என்றால் எதிர்க்கடையில் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள் என்று பலகையே எழுதி மாட்டியிருக்கிறேன். இந்தத் தெருவில் வேறு எவன் கடையில் அந்தப் பலகை இருக்கிறது?

சாக்கின் வாயில் நல்ல அரிசியைக் காட்டிவிட்டு அடியில் குருணையைப் போடுகிறவர்களிடம் தினமும் வாங்குகிறேன். கம்பியைக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். உன்னை அப்படிக் குத்திப் பார்க்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் சரக்கு இல்லை என்றால் சரி, பிழைப்புக்குச் செய்கிறான் என்று விட்டுவிடலாம். இருக்கிறதே. ஆள் தேடுகிற அந்தப் பெரியவர் கிளப்பிலிருந்து உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் அரைநாள் கடை சாத்தினேன். கடை திறந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. பெட்டிக்கு வெளியேயிருந்து இடது காலால் ஒன்று அடித்தாய். கோல்கீப்பர் அசையவே இல்லை, பந்து வலைக்குள் போனதற்கு அப்புறம்தான் தலையைத் திருப்பினான். பெரியவர் உடனே நோட்டை எடுத்து எழுதினார். இரண்டு வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பேனா நகர்ந்த நகர்வு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த இடது காலை நம்பித்தான் உன்னை எடுத்தார்கள். நீ அதை மடக்கிக்கொண்டு மண்ணில் உருள்கிறாய். நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு கள்ளச் சரக்கு விற்கிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கடையைப் பற்றி நீ சொல்ல வந்ததை நேராகச் சொல். ஜாடை பேசாதே.

அண்ணன்


மார்ச் 12

அண்ணாவுக்கு,

நேராகவே எழுதுகிறேன்.

போன வாரம் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். மூன்று வருட ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், இன்னும் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதாகவும் சொன்னார். எனக்குக் காது அடைத்துப் போனது. உங்களுக்குப் போன் செய்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "பாருடா, உன்னைப் பத்தி அன்னிக்கே என்ன எழுதியிருக்கார்னு."

நீங்கள் சொன்ன அந்தப் பெரியவரின் கையெழுத்து. அந்த ஆட்டத்தின் தேதி. நான்கே வரி. மனப்பாடமாகிவிட்டது.

இடது கால் சுமார். வேகம் பரவாயில்லை. தலையால் அடிக்கத் தெரியவில்லை. விழுவது அருமை, இயல்பாக வருகிறது, நடுவர்கள் நம்புவார்கள், பையன் ரொம்ப நாளாக விழுந்து பழகியவன்.

அண்ணா, அன்றைக்கு இரண்டாவது பாதியில் நான் விழுந்து ஒரு பெனால்டி வாங்கினேன். நீங்கள் கோலை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அவர் எழுதியது அதை. நீங்கள் பார்த்த பேனா அதற்காக நகர்ந்ததோ என்னவோ.

மேலாளர் என்னைப் பாராட்டினார். "கோல் அடிக்க ஆளை வாங்கிக்கலாம். உன்னை மாதிரி விழ ஆள் கிடைக்காது." வெளியே வந்து கழிப்பறையில் முகத்தைக் கழுவினேன். எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது.

மண் வகுப்பில் எனக்கு முதல் நாளே முழு மார்க். உதவி கோச் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும்.

எனக்கு ஏழு வயது. கல்லாவில் நீங்கள். எடைக்கல் சோதிக்கும் அதிகாரி தெரு முனையில் திரும்பினாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை அள்ளுகிற தகரக் கரண்டியால் பலகையில் மூன்று தட்டுத் தட்டுவீர்கள். அவர் படியேறி உள்ளே வரும்போது நான் சர்க்கரை மூட்டைப் பக்கத்தில் விழ வேண்டும். ஒரு தடவை வயிற்றுவலி. ஒரு தடவை மூட்டை மேலிருந்து விழுந்தேன். இரண்டு தடவை சும்மா கண்ணைச் செருகிக்கொண்டு விழுந்தேன், அது உங்கள் யோசனை. எல்லாரும் என்னைத் தூக்க ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் தராசில் இருந்த எடை குறைந்த கல்லை எடுத்துவிட்டு அரசு முத்திரை போட்ட கல்லை வைத்துவிடுவீர்கள். நான் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். மாற்றியாயிற்று என்றால் இரண்டு தட்டு. அப்போது எழுந்திருக்கலாம்.

டிவியில் பார்த்த கண்ணைத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். தெரியாமல் என்ன?

நாலாவது தடவை அந்த அதிகாரிதான் என்னைத் தன் மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஏதோ வியாதி என்று முடிவு செய்துவிட்டார். மறுநாள் வேலை நேரத்துக்கு முன்னாடியே வந்தார், தனக்குத் தெரிந்த டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, ஒரு டப்பா குளுக்கோஸ் வாங்கிக்கொண்டு. அவர் கல்லைப் பார்க்கவே இல்லை. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். டப்பாவை அலமாரியில் வைத்தீர்கள். சாயங்காலம் விற்றுவிட்டீர்கள்.

இப்போது சொல்லுங்கள். கள்ளச் சரக்கு யாருடையது?

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

பதில் எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கசக்கிப் போட்டேன். உன் அண்ணி கூட்டி அள்ளும்போது ஒன்றைப் பிரித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதில் தம்பிக்கு என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய கதை.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. குளுக்கோஸ் டப்பா உட்பட. அதை நான் மறந்திருந்தேன் என்று எழுதினால் பொய். மறந்த மாதிரி வைத்திருந்தேன்.

எனக்கும் காரணங்கள் உண்டு. மொத்த வியாபாரி என் தலையில் குறைத்துக் கட்டினான், அதை நான் வாங்குகிறவர் தலையில் கட்டினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆனால் கெட்டுப்போன சரக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறவனிடம் காரணம் சொல்லக் கூடாது, மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் கடைச் சட்டம். உனக்கு எதை மாற்றிக் கொடுப்பது?

அந்தக் கற்கள் இரண்டையும் நான் தூக்கிப் போடவில்லை. அடியில் குடைந்து அரக்கு வைத்து அடைத்த இரும்புக் கற்கள். சரக்கறையில் பழைய சாக்குகளுக்கு அடியில் இருந்தன. எலக்ட்ரானிக் தராசு வாங்கிய அன்றைக்கே ஆற்றில் எறிந்திருக்கலாம். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. தராசு கெட்டுப்போனால் உதவும் என்று நினைத்திருப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு எடை அளவு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி ஓய்வு பெற்று ஊர் மாறிப் போய்விட்டாராம். ஜன்னலில் இருந்த எழுத்தர் கல்லைப் புரட்டிப் பார்த்தார், அரக்கை நகத்தால் சுரண்டினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லா செஞ்சிருக்காங்கப்பா." புகார் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். யார் மேல் என்றார். என் மேல்தான் என்றேன். அதற்குப் படிவம் இல்லையாம். "காகிதம் பறக்காம இருக்க வச்சுக்கோங்க"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னை யாரும் அவமானப்படுத்தவில்லை, தம்பி. பாராட்டி அனுப்பினார்கள். உன் மேலாளர் அறையிலிருந்து நீ எப்படி வெளியே வந்திருப்பாய் என்று அங்கே படியிறங்கும்போது புரிந்தது.

இனி விழாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். விழுவதற்காகக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. இடது கால் சுமார் என்று எவனோ எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். சுமாரான சரக்கைச் சுமார் என்று சொல்லி விற்கிறவன் தெருவில் தலைநிமிர்ந்துதான் நடக்கிறான்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன்.

கடைசி ஆட்டம். ஒரு கோல் போதும், மேல் பிரிவில் நிற்போம். எண்பத்தாறாவது நிமிடம் பந்து எனக்கு வந்தது. பெட்டிக்குள் போய்விட்டேன். அவர்களுடைய டிஃபெண்டர் பின்னாலிருந்து வந்து என் வலது காலில் எத்தினான். நடிப்பு இல்லை, அண்ணா. பூட்ஸின் ஆணிகள் தோலைக் கிழித்துக்கொண்டு இறங்கியது எனக்குத் தெரிந்தது. காலுறைக்குள் சூடாக வழிந்தது.

விழ வேண்டும். உடம்பு தானாகவே விழ ஆரம்பித்துவிட்டது. முதலில் முழங்கால், அப்புறம் தோள், அந்த வரிசை எல்லாம் வந்துவிட்டது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். எப்படி என்று தெரியவில்லை. தடுமாறி இரண்டு அடி ஓடினேன், அந்தக் காலை ஊன்றிக்கொண்டு இடது காலால் அடித்தேன். பந்து கோலுக்கு மேலே போய்க் கூட்டத்தில் விழுந்தது.

கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தார்கள். என் காலில் எட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்து காயத்தைக் குனிந்து பார்த்தார். "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நிஜமா அடிபட்டிருக்கு. அன்னிக்குப் பார்த்து நிக்கிறான்." என்னிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொன்னார். ஒப்பந்தம் கிடையாது. பையை வாங்கிக்கொள்ளலாம் என்று காலையில் சொல்லியனுப்பினார்கள்.

பேருந்துக்குப் போகிற வழியில் அந்த நடுவர் நின்றார். "தம்பி, விழுந்திருந்தா குடுத்திருப்பேனே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தியதைப் பார்த்திருக்கிறார். பார்த்தும், நான் விழவில்லை என்பதால் கொடுக்கவில்லை. பொய்யாக விழுந்தபோதெல்லாம் கொடுத்தார்கள்.

தூண் அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் வந்தது. "இப்பவா?" அவர் கிளப்பிலும் அவரை எடுக்கவில்லையாம்.

நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைக்கவில்லை. ஜெயிக்க வேண்டிய பதினொரு பேரைத் தோற்கடித்துவிட்டு, எனக்கு நானே நல்லவனாகிக்கொண்டேன் என்றுதான் படுகிறது. அதை நினைத்தாலும் வாய் கசக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்றம்.

நீங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள். நான் எத்து வாங்கிய அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது? ஆறுதல் வேண்டாம். அதை மட்டும் நேராக எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

பார்த்தேன். நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன்.

கடையில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கணக்கு எழுதுகிறவர் என் பக்கத்து ஸ்டூலில் இருந்தார். உன் அண்ணி உள்கதவுப் பக்கம். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். நீ பந்தோடு உள்ளே போனதும் போட்டதை அப்படியே நிறுத்திவிட்டேன்.

அவன் எத்தியதை எல்லாரும் பார்த்தோம். லாரி டிரைவரே "ஐயோ" என்றார். நீ சாய்ந்தாய். கடை முழுக்க மூச்சைப் பிடித்தது. அப்புறம் நீ விழவில்லை. தடுமாறி ஓடினாய், அடித்தாய், மேலே போயிற்று. எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்கள். விழ வேண்டியதுதானே, முட்டாள் என்று ஒருத்தன் டிவியைப் பார்த்தே திட்டினான். உன் அண்ணி மட்டும், "கால்ல ரத்தம் வருது, யாருமே பார்க்கலையா"ன்னு சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த மாதிரிக் கத்தவில்லை. என்னைப் பற்றி அதுவரைக்கும் எனக்குத் திருப்திதான். பரவாயில்லை, மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கணக்கு எழுதுகிறவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "என்ன முதலாளி, யாரையாவது கூப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

கையில் சர்க்கரைக் கரண்டி. நான் பலகையில் தட்டிக்கொண்டிருந்தேன், தம்பி. மூன்று மூன்றாக. எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவன் உன்னை எத்துவதற்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அம்மாவின் பொட்டலத்தைச் சுற்றிப் பலகை முழுக்கச் சர்க்கரை சிதறிக் கிடந்தது.

என் மனதில் என்ன ஓடியது என்று கேட்டாயே. இதுதான் ஓடியது.

அந்த அம்மாவுக்குப் புதிதாக நிறுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு சரக்கறைக்குப் போய் அந்த இரண்டு கற்களையும் எடுத்து வந்து, அரக்கைச் சூடு காட்டி உருக்கி எடுத்தேன். உன் அண்ணி என்னவென்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். இரண்டு நாள் என் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கற்கள் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டன. அவன் மேலே பொறித்திருந்த எடையைப் பார்த்து விலை சொன்னபோது, உள்ளே ஓட்டை இருக்கிறது, குறைத்துப் போட்டுக்கொள் என்று நானே சொன்னேன்.

தையல் பிரித்ததும் வந்து சேர். கல்லாவில் உன்னை உட்கார வைக்க மாட்டேன், பயப்படாதே. சின்ன கிளப்புகள் இரண்டு மூன்று இந்தப் பக்கம் இருக்கின்றன, போய்க் கேட்டுப் பார்ப்போம். இடது கால் சுமார் என்று நாமே முதலில் சொல்லிவிடுவோம்.

பதினொரு பேரைத் தோற்கடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இங்கே நான் தட்டிக்கொண்டிருந்தேன், அங்கே நீ நின்றுகொண்டிருந்தாய்.

நல்லவேளை, உனக்குக் கேட்கவில்லை.

அண்ணன்